குட்டியா, வளர்ந்த நாயா?

நாய் வளர்ப்பதா, வேண்டாமா என்ற ஆராய்ச்சி முன்னொரு காலத்தில் தீவகத்து வீடுகளில் நடந்ததேயில்லை. அயலிலே ஒரு பெட்டை ஈன்றதென்றால், கண் திறந்த சில நாட்களுக்குள் ஒரு கடுவன் குட்டியைச் சிறுவர்கள் தூக்கிக்கொண்டு வந்துவிடுவர். தாய் ஏசுவாள், தந்தை கேளாதவர்போல் இருப்பார், பொழுது சாய்வதற்குள் குசினி வாசலிலே ஒரு சிரட்டையிற் பால் வைக்கப்பட்டிருக்கும். இன்றோ நாரந்தனையில் எழுபது வயதைக் கடந்த கணவனும் மனைவியும் தனித்திருக்கும் வீடுகள் பல. பிள்ளைகள் கனடாவிலும் இலண்டனிலும் இருக்கின்றனர். இரவிலே படலை அசைந்தாற் குரல் கொடுக்க ஒரு நாய் வேண்டும். அந்த நாய் குட்டியாயிருத்தல் நன்றோ, வளர்ந்ததாயிருத்தல் நன்றோ என்பது இத்தகைய வீடுகளில் உண்மையான ஒரு வினாவாகிவிட்டது.

அவ்வூர்ப் பெரியவர் ஒருவர் அண்மையில் என்னிடம் கேட்டார்: "தம்பி, நல்ல சாதிக்குட்டியாய் ஒண்டு வாங்குங்கோ, காசு அனுப்பிறன் எண்டு மகள் நிக்கிறாள். பக்கத்து வீட்டுக்காரர் வெளிநாடு போன நாளிலையிருந்து அவையின்ரை நாய் எங்கடை படலையடியிலைதான் கிடக்குது. நீர் என்ன சொல்லுறீர்?"

அவருக்குச் சொன்னவற்றைச் சற்று விரித்து இவ்வாரம் எழுதுகின்றேன்.

குட்டியின் அழகை மறுப்பவர் யார்? ஆனால் அந்த அழகுக்குப் பின்னே பெரியதொரு வேலை இருக்கின்றது. பிறந்து எட்டுக் கிழமையாவது குட்டி தாயோடும் உடன்பிறப்புக்களோடும் இருத்தல் வேண்டும். பல்லை எவ்வளவு அழுத்தினாற் பிறர்க்கு நோகும் என்பதை அது கற்பது அங்கேதான். கடித்த குட்டியை மற்றக் குட்டி கத்தி விலக்கும், தாய் உறுமித் திருத்தும். நம்மூரிற் செய்வதுபோல் மூன்று, நான்கு கிழமையிற் பிரித்தெடுத்துவிட்டு, பின்னர் 'இது கைகாலெல்லாம் கடிக்கின்றது' என்று குறைகூறுதல் முறையன்று. அமெரிக்காவில் மேயின் மாநிலத்திலிருந்த ஆய்வுகூடமொன்றிலே நூற்றுக்கணக்கான நாய்களைப் பல்லாண்டு ஆராய்ந்த ஜோன் போல் ஸ்கொட், ஜோன் புல்லர் என்னும் இருவர் 1965இல் தம் முடிவுகளை நூலாக வெளியிட்டனர். ஏறக்குறைய மூன்றாம் கிழமைக்கும் பன்னிரண்டாம் கிழமைக்கும் இடையே குட்டி எவற்றோடு பழகுகின்றதோ அவற்றையே வாழ்நாள் முழுவதும் அஞ்சாது ஏற்றுக்கொள்ளும் என்பது அவர்கள் கண்டவற்றுள் ஒன்று. மனிதர், ஆடு, கோழி, மோட்டார் சைக்கிள், கோயில் மேளம் யாவற்றையும் அந்தச் சில கிழமைகளுள் அதற்கு அறிமுகம் செய்து வைத்தல் வேண்டும்.

அன்றியும் நாளொன்றுக்கு மூன்று, நான்கு முறை உணவு, முதற் சில இரவுகளில் ஓயாத அழுகை, விறாந்தையெங்கும் ஈரம், பற்கள் விழுந்து முளைக்கும் மாதங்களிற் செருப்பும் பாயும் துண்டு துண்டாதல் என்று வரிசை நீளும். பாற்பற்கள் 28, ஏறக்குறைய ஏழாம் மாதத்தில் 42 நிலைப்பற்களும் நிரம்பும்வரை எதைக் கடிப்பது என்ற தேட்டம் ஓயாது. 1978ஐ ஒட்டி உலகெங்கும் பரவிய 'பார்வோ' என்னும் வைரசு நோய் குட்டிகளை இரத்தக் கழிச்சலால் ஓரிரு நாட்களிலேயே கொன்றுவிடக் கூடியது. ஆதலின் ஊசிகளைக் காலந் தவறாது போடுதல் வேண்டும். ஒவ்வோர் ஊசிக்கும் குட்டியைத் தூக்கிக்கொண்டு கால்நடை வைத்தியரிடம் செல்வது முழங்கால் வலிக்கும் ஒருவருக்கு எளிதன்று.

இவை யாவும் இளங்குடும்பத்துக்குச் சுமையல்ல. பாடசாலைக்குப் போகும் பிள்ளைகளும் பகலில் வீட்டிலிருக்க ஒருவரும் உள்ள வீட்டிற் குட்டியை எடுங்கள்; நான் தடுக்கமாட்டேன். எடுப்பதாயின் ஒரு பெட்டைக்குட்டியை எடுங்கள் என்றுகூடச் சொல்வேன். கடுவன்களை ஆளுக்கொன்றாகத் தூக்கிச் சென்றபின், பெட்டைக்குட்டிகளைச் சாக்கிற் கட்டிச் சந்தையடியிலும் கோயில் வீதியிலும் விட்டுவரும் வழக்கம் நம்மவரிடையே இன்னும் ஒழிந்தபாடில்லை. பெட்டைக்குக் கருத்தடை செய்துவிட்டால் எவ்விதத் தொல்லையுமில்லை. காவலிலும் அது கடுவனுக்குக் குறைந்ததன்று.

இனி வளர்ந்த நாயைப் பற்றி. 'வளர்ந்தது பழகாது, பழைய வீட்டையே நினைக்கும்' என்பது ஊரார் கூற்று. இது முழு உண்மையன்று. பார்வையற்றோரை அழைத்துச் செல்லும் நாய்களை எண்ணிப் பாருங்கள். முதலாம் உலகப் போரிற் கண்ணிழந்த வீரர்களுக்காக 1916இல் ஜேர்மனியின் ஓல்டன்பேர்க் நகரில் அத்தகைய நாய்களைப் பழக்கும் பள்ளியொன்று தொடங்கப்பட்டது. இன்று பல நாடுகளில் அப்படிப்பட்ட குட்டி ஏறக்குறைய ஓராண்டு ஒரு குடும்பத்தில் வளர்கின்றது. பின்பு பள்ளியிலே பயிற்சி. ஒன்றரை, இரண்டு வயதளவில் மூன்றாவதாக ஒருவரிடம் சேர்கின்றது. அந்த மூன்றாமவரைத்தான் அது நெரிசல் மிகுந்த தெருக்களில் உயிர்போலக் காக்கின்றது.

விண்வெளிக்குச் சென்ற 'லைக்கா'வும் குட்டியன்று. மொஸ்கோத் தெருவிற் பிடிபட்ட ஏறக்குறைய மூன்று வயதுப் பெட்டை. பனியையும் பசியையும் தாங்கிய தெருநாய்களே பொறுமை மிக்கவை என்று சோவியத் விஞ்ஞானிகள் தேர்ந்தெடுத்தனர். ஒடுங்கிய கூட்டினுள் அசையாதிருக்க அது சில வாரங்களிற் கற்றுக்கொண்டது. 1957 நவம்பர் 3ஆம் நாள் ஏவப்பட்டு, சில மணி நேரத்துள் வெப்பம் தாளாது இறந்தது. அந்தப் பொறுமைக்கு மனிதர் கொடுத்த கைம்மாறு அது. மகாபாரதத்தின் முடிவிலே தருமரைத் தொடர்ந்து நடந்த நாயும் அவர் குட்டியாய் எடுத்து வளர்த்ததன்று. புறப்பட்டபோது தானாகவே வந்து சேர்ந்தது.

குட்டியிடம் இல்லாத ஒரு நன்மை வளர்ந்த நாயிடம் உண்டு. அதன் பருமனும் குணமும் கண்முன்னே நிற்கின்றன. ஆட்டைக் கலைக்குமா, கோழியைப் பிடிக்குமா, சிறுவரைக் கண்டாற் பதுங்குமா என்பதை ஒரு கிழமை பார்த்தே அறிந்துகொள்ளலாம். குட்டி என்னவாக வளரும் என்பதோ, 'நல்ல சாதி' என்று விலை சொல்லி விற்பவருக்கும் தெரியாது.

நம் தீவகத்துக்கு இவ்விடயத்தில் ஒரு பழைய கடனும் உண்டு. 1990 ஓகஸ்டில் இராணுவம் இத்தீவுக்குள் நுழைந்தபோது உயிரைக் கையிற் பிடித்துக்கொண்டு புறப்பட்டவர்கள் நாயையும் அழைத்துச் செல்லும் நிலையில் இருக்கவில்லை. அன்று வேறு வழியில்லை. இன்று விமானச் சீட்டெடுத்து, பெட்டி கட்டி, திறப்பை உறவினரிடம் ஒப்படைத்துப் புறப்படுகின்றவர்களுக்கு நாயை ஒருவரிடம் ஒப்படைக்க மட்டும் நேரமில்லாமற் போவது எனக்கு விளங்கவில்லை. அவ்வாறு விடப்பட்ட நாய் கெட்ட நாயன்று. வீட்டு முறை தெரிந்தது. பெயர் சொன்னால் திரும்பிப் பார்ப்பது. அந்தப் பெயரை, சென்றவர்களோடு தொலைபேசியிற் பேசிக் கேட்டறிதல் நன்று. நாயைத் தாம் இனி அழைப்பிக்கப் போவதில்லை என்ற வார்த்தையையும் அப்பொழுதே பெற்றுக்கொள்ளலாம்.

ஆனால் விடப்பட்ட நாயெல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு சேர்த்துவிடுதல் கூடாது. முன்னர் மனிதரைக் கடித்த நாயும், கையுயர்த்தினாற் பல்லைக் காட்டும் நாயும் சிறு குழந்தை உள்ள வீட்டுக்கு ஆகா. மற்றவற்றை முதலில் வைத்தியரிடம் காட்டி நீர்வெறுப்பு நோய்த் தடுப்பூசி, பூச்சி மருந்து, உண்ணிக்கு மருந்து ஆகியவற்றை முடித்தல் வேண்டும். பல்லின் தேய்வைப் பார்த்து வயதையும் அவர் ஏறக்குறையச் சொல்லிவிடுவார். முதல் ஓரிரு மாதம் ஒரே நேரத்தில், ஒரே இடத்திற் சோறு வையுங்கள். பகல் முழுவதும் சங்கிலியிற் கட்டிவைத்தால் எந்த நாயும் சினங்கொள்ளும். முதற் கிழமையில் அது வாலாட்டாது ஒதுங்கிக் கிடந்தால் மனந்தளர வேண்டா.

விசர்நாய்க் கடியைப் பற்றி ஒரு வார்த்தை. 1973இல் இலங்கையில் இந்நோயால் 377 பேர் இறந்தனர். நாய்களுக்கு ஊசி போடும் இயக்கத்தாலும், கடியுண்டவர்க்குக் காலத்தில் மருந்து கிடைத்ததாலும் அந்தத் தொகை அண்மைய ஆண்டுகளிற் சில பத்துக்களாகக் குறைந்தது. 'குட்டி கடித்தால் விசர் ஏறாது' என்ற பேச்சு முற்றிலும் தவறு. ஊசி போடாத சிறு குட்டியின் விளையாட்டுக் கீறலும் உயிரைக் கொல்லும். கடித்த இடத்தைச் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். அங்கே ஊசிக்குப் பணமில்லை.

இறுதியாக வயதுக் கணக்கு. நம்மூர் நாய் நன்கு பேணப்பட்டாற் பன்னிரண்டு, பதினைந்து ஆண்டு வாழக்கூடும். எழுபத்திரண்டு வயதில் எடுக்கும் குட்டி, எடுத்தவருக்கு எண்பத்தைந்து ஆகும்போதும் உயிரோடிருக்கலாம். ஐந்தாறு வயது நாயாயின் இரு தரப்புக்கும் காலம் ஓரளவு பொருந்தி வரும். முதியவர் மட்டும் வாழும் வீட்டுக்கு வளர்ந்த நாயே தகும் என்று நான் சொல்வதற்கு ஏனைய காரணங்களைவிட இதுவே பெரிது. அப்படியிருந்தும் பிள்ளைகள் வந்து பெற்றோரை அழைத்துச் சென்றுவிடலாம்; நோய் வரலாம். ஆகவே சோறு வைக்கத் தொடங்கும் நாளிலேயே அயலில் ஒருவரிடம் பேசி, நாம் இல்லாதபோது யார் பார்ப்பது என்பதை முடிவு செய்துகொள்ளுங்கள். குட்டி வாங்கவென்று வெளிநாட்டிலிருந்து வரும் பணத்தில் ஊசிக்கும் கருத்தடைக்கும் போக மிஞ்சுவதை அதற்கென ஒதுக்கி, ஊசி அட்டை வைத்திருக்கும் இடத்தையும் அவருக்குக் காட்டிவிடுங்கள்.