பங்கில்லாப் பங்குதாரர்கள்

தொழிலுறவு பற்றிய ஆங்கிலக் கட்டுரைகளில் 'கூட்டுறவுப் பேச்சுவார்த்தை' என்பது இப்போது மந்திரம்போல் ஓதப்படுகிறது. தொழிலாளியும் முதலாளியும் எதிரெதிரே அமராமல் ஒரே பக்கம் அமர்ந்து பேசினால் இருவருக்கும் வெற்றியாம். அவற்றில் 'ஸ்டேக்ஹோல்டர்' என்ற சொல் வரும்போதெல்லாம் மொழிபெயர்ப்பாளனாகிய என் பேனா தயங்குகிறது. 'பங்குதாரர்' என்று எழுதுவது வழக்கம். நானும் அவ்வாறே எழுதியதுண்டு. தமிழில் பங்குதாரர் என்றால் இலாபத்திலும் முடிவிலும் பாத்தியதை உள்ளவர். ஆலைவாயிலில் அடையாள அட்டையைக் காட்டி நுழையும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு எதில் பங்கு?

இப்போதனையைப் பரப்பிய நூல்களில் முதன்மையானது ரோஜர் ஃபிஷரும் வில்லியம் யூரியும் 1981இல் எழுதியது. ஒரு ஆரஞ்சுப் பழத்துக்காகச் சண்டையிட்டு அதைப் பாதியாக வெட்டிக்கொள்ளும் இருவரின் கதை அதில் வருகிறது. உண்மையில் ஒருவருக்கு வேண்டியது சுளை. மற்றவருக்குத் தோல் மட்டும். நல்ல கதைதான். ஆனால் ஆலையில் பழமும் கத்தியும் ஒருவர் கையிலேயே உள்ளன. கூலியும் இலாபமும் தோலும் சுளையும் அல்ல. இரண்டும் ஒரே சுளையிலிருந்து பிரிபவை.

பேசிப் பார்க்காதவர்களா நாம்? 1957இல் 15ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாட்டில் அரசும் முதலாளிகளும் சங்கங்களும் ஒருமனதாகவே தேவை அடிப்படையிலான குறைந்தபட்ச ஊதியத்தை வரையறுத்தனர்: குடும்பத்துக்கு மூன்று நுகர்வு அலகுகள், அலகுக்கு 2700 கலோரி உணவு, ஆண்டுக்கு 72 கெஜம் துணி. அறுபது ஆண்டுகள் கடந்தும் அதைக் கேட்டே ஊர்வலம் போகிறோம். 1974இல் ரயில்வே தொழிலாளருடன் பேச்சு நடந்துகொண்டிருந்தபோதே, மே 2 விடியலில் ஜார்ஜ் பெர்னாண்டஸைக் கைது செய்தார்கள். அதே அரசுதான் 1976இல், நெருக்கடி நிலையின் நடுவே, நிர்வாகத்தில் தொழிலாளர் பங்கேற்பு என்னும் 43ஏ பிரிவை அரசியல் சட்டத்தில் சேர்த்தது!

இன்றைய ஆட்சியாளர்கள் அந்த நாடகத்தைக்கூட நடத்தவில்லை. 2015 ஜூலைக்குப் பின் தொழிலாளர் மாநாட்டைக் கூட்டாமலேயே 2020இல் தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பை நிறைவேற்றினர். முன்பு பொதுப்பயன்பாட்டுச் சேவைகளுக்கு மட்டும் இருந்த 14 நாள் முன்னறிவிப்பு இனி எல்லாத் தொழில் நிறுவனங்களுக்கும். அந்நாட்களுக்குள் சமரச அதிகாரி முதல் கூட்டத்தைக் கூட்டிவிட்டால் போதும்; பேச்சு நடக்கும் வரையிலும், முடிந்து ஏழு நாள் வரையிலும் வேலைநிறுத்தம் சட்டவிரோதம். பாதிப்பேர் ஒரே நாளில் திட்டமிட்டுத் தற்செயல் விடுப்பு எடுத்தாலும் அது வேலைநிறுத்தமே. 300 பேருக்குக் குறைவானோர் உழைக்கும் ஆலையை மூட முதலாளிக்கோ அரசின் முன் அனுமதி வேண்டாம். எழுந்து வெளியேறும் உரிமை ஒரு தரப்புக்கு மட்டுமே உள்ள மேசை இது.

நம்மிடமும் குறையுண்டு. பேச அமர்வதே சரணாகதி எனச் சில தோழர்கள் கருதுகின்றனர். வேறு சிலர் ஐந்தொகையைப் புரட்டிப் பாராமலே பேசப் போகின்றனர். 'நட்டம்' என்று நிர்வாகம் சொன்னால் மறுக்க நம் கையில் ஓர் எண்கூட இருப்பதில்லை. முழக்கத்தால் அதை ஈடுசெய்ய இயலாது.

அடுத்த ஒப்பந்தப் பேச்சில் 'கூட்டுறவு' என்று நிர்வாகம் தொடங்கினால் மறுக்க வேண்டியதில்லை. மூன்றாண்டுக் கணக்கேடுகளை மேசைமீது வைக்கச் சொல்லுங்கள். ஒப்பந்தத் தொழிலாளரின் பிரதிநிதிக்கும் ஒரு நாற்காலி கேளுங்கள்.