மௌனம் வேண்டாம், அடிங்க

நாட்டுப்புறக் கலைவிழா மேடையில், இறந்துபோன பறைக் கலைஞருக்கு ஒரு நிமிட மௌன அஞ்சலி. இதைவிட அபத்தம் உண்டா? ஊரில் யார் செத்தாலும் வந்து அடித்தே தீரவேண்டும் என்று சாதி கட்டாயப்படுத்திய கை அது. அயோத்தியாப்பட்டணத்தில் அந்தச் சத்தம் கேட்டு வளர்ந்தவன் நான். அடித்தவர் பெயர் என்னன்னு ஒரு நாளும் கேட்டதில்லை.

2007-இல் சென்னை சங்கமம் பறையைப் பூங்காவுக்கும் தெருவுக்கும் கொண்டுவந்தது. 2025-இல் மதுரை வேலு ஆசானுக்கு பத்மஸ்ரீ. ரெண்டுமே வேணும்தான். ஆனா பறை தனி ஆளோட கலை இல்லை. பக்கத்தில் நிற்பவரின் காலையும் கையையும் பார்த்துத்தான் அடுத்த அடி விழும். அந்த வரிசையில் விழுந்த ஓட்டையை பேனர் போட்டோவால் அடைக்க முடியாது.

"அதுக்காக விழாவை இழவு வீடாக்கணுமா?" என்பார்கள். ஆமாம், ஐந்து நிமிஷம் ஆக்குங்கள். அவரோட செட்டு ஆட்கள் தீ மூட்டிப் பறையைக் காய்ச்சட்டும். அவர் பெயரை மைக்கில் அவர்களே சொல்லட்டும். அவர் இடத்தைக் காலியாக விட்டு அடிக்கட்டும். அன்றைய சம்பளத்தில் அவர் பங்கு, பொன்னாடையாக இல்லாமல் பணமாக வீட்டுக்குப் போகட்டும்.

ஊர்ச் சாவுக்கெல்லாம் அடித்தவரின் சாவுக்கு மட்டும் சத்தமே வராதா?