கடைசியாக வருபவரும் ஜெயிக்கட்டும்!



விளையாட்டு விழா என்றால் நமக்கு என்ன? நூறு மீட்டர் ஓட்டம், கபடி, கயிறு இழுத்தல். பத்துப் பேர் ஓடுவார்கள். மற்றவர்கள் கைதட்டிவிட்டு பஸ் பிடிக்கப் போய்விடுவோம். ஒரு மாறுதலுக்கு, மயிலாடும்பாறைப் பக்கத்து மண்பாதையில் நீண்ட நேர சைக்கிள் பந்தயம் ஒன்றை நம் மாணவர் பேரவை நடத்தினால் என்ன?

"கியர் சைக்கிளுக்கு நாம எங்கடா போறது?" என்று கேட்பீர்கள். இந்த விளையாட்டு பிறந்ததே ஓட்டை சைக்கிளில்தான்! 1976-ல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் சில இளைஞர்கள் பழைய, கனமான சைக்கிள்களில் மலைச்சரிவில் இறங்கிப் போட்டி போட்டார்கள். பின்சக்கர ஹப்புக்குள் இருந்த பிரேக் சூடேறி கிரீஸ் புகைந்து போகும். இறங்கி முடித்ததும் ஹப்பைப் பிரித்து மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டும். அதனாலேயே அந்தப் பந்தயத்துக்கு 'ரீபேக்' என்று பெயர். இருபதே வருடத்தில், 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் மலைச் சைக்கிளும் ஒரு போட்டியாகிவிட்டது.

ஆனால் எப்படி நடத்துகிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. இங்கிருந்து அங்கே என்று நேர்கோட்டில் 50 கிலோமீட்டர் வைத்தால், பின்தங்கியவன் எங்கே விழுந்தான் என்றே தெரியாது. 8 கிலோமீட்டரில் ஒரு சுற்று, மொத்தம் 4 மணி நேரம் என்று வைத்துப் பாருங்கள். மணிக்கு 16 கிலோமீட்டர் போகிறவன் 8 சுற்று முடிப்பான். 12 கிலோமீட்டர் போகிறவன் 6 சுற்று. முடியாதவன் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து மோர் குடித்துவிட்டு மறுபடி ஏறலாம். யாரும் 'அவுட்' கிடையாது! இரண்டு பேர் ஒரே சைக்கிளை மாற்றி மாற்றி ஓட்டவும் ஒரு பிரிவு வைக்கலாம். 1992-ல் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் நடந்த 24 மணி நேரப் பந்தயத்திலும் குழுவாகச் சேர்ந்து மாறி மாறித்தான் ஓட்டினார்கள்.

பாதையை எங்கே போடுவது? வருசநாட்டு மலை அழகுதான். ஆனால் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம் 2021-ல் அறிவிக்கப்பட்ட பிறகு, காட்டுக்குள் பந்தயம் என்ற பேச்சுக்கே இடமில்லை. தென்னந்தோப்பு ஓரம், இலவமரத் தோட்டங்களுக்கு நடுவே போகும் வண்டிப்பாதை, கண்மாய்க்கரை... இவை போதாதா? தோட்டக்காரர், ஊராட்சி, காவல் நிலையம் மூவரிடமும் முன்கூட்டியே சொல்லி அனுமதி வாங்க வேண்டும். காலை ஆறரைக்குத் தொடங்கினால் பத்தரைக்குள், வெயில் ஏறுமுன் முடிந்துவிடும். நடுவில் ஆடு மாடு மேய்ச்சலுக்கு வந்தால் சைக்கிள்தான் நிற்க வேண்டும், மாடு அல்ல!

நம்மைவிட இதற்குப் பொருத்தமானவர்கள் யார்? சிவில் மாணவர்கள் மட்டம் பார்த்து ஏற்ற இறக்கம் குறித்துப் பாதை வரையட்டும். எலக்ட்ரானிக்ஸ்காரர்கள் சுற்று எண்ணும் கருவி செய்யட்டும். அது காலை வாரினால் பக்கத்திலேயே நோட்டும் பேனாவுமாக இரண்டு பேர் இருக்கட்டும். மெக்கானிக்கல் நண்பர்களுக்கு ரிப்பேர் பந்தல். முன்னால் 44 பல், பின்னால் 18 பல் உள்ள சாதா சைக்கிளில் பெடல் ஒரு சுற்றுக்குச் சக்கரம் ஏறக்குறைய இரண்டரை சுற்று சுற்றும். பின்னால் 22 பல் ஃப்ரீவீல் மாட்டினால் சரியாக இரண்டு. வேகம் குறையும், ஏற்றம் சுலபமாகும். வகுப்பில் படித்த கணக்கை முழங்கால் புரிந்துகொள்ளும்!

"முதல் பரிசு பெரிசா இருந்தாத்தான் கூட்டம் வரும்" என்று சிலர் சொல்வார்கள். வரும். வெளியூரிலிருந்து கைதேர்ந்தவர்கள் வருவார்கள், பரிசைத் தட்டிக்கொண்டு போவார்கள். நாம் பழையபடி கைதட்டிக்கொண்டு நிற்போம். அந்தப் பணத்தைத் தலைக்கவசத்துக்கும், முதலுதவிக்கும், தண்ணீருக்கும் செலவிடுங்கள். 60 பேருக்கு, ஆளுக்கு மணிக்கு முக்கால் லிட்டர் என்றால் 4 மணி நேரத்துக்கு 180 லிட்டர் வேண்டும். அதில் குறை வைத்துவிட்டுக் கோப்பையைப் பளபளப்பாக்கி என்ன பயன்? சாதா சைக்கிளுக்குத் தனிப் பிரிவு, மாணவியருக்குத் தனிப் பிரிவு, முடித்த எல்லோருக்கும் சான்றிதழ். கடைசியா வர்றவனுக்கும் சோறு சூடா இருக்கணும்!

தங்கையின் பள்ளி சைக்கிளைக் கடன் வாங்கி வரும் ஒருவன் ஆறு சுற்று முடித்துவிட்டு, "அடுத்த வருஷமும் உண்டாடா?" என்று கேட்டால், அதுதான் நம் பேரவைக்குக் கிடைக்கும் கோப்பை. புதிய நிர்வாகிகள் முதல் கூட்டத்திலேயே இதைப் பேச வேண்டும். பாதை பார்க்க வர நாங்கள் சிலர் தயார். நீங்கள்?