எஞ்சின் சூடாக இருந்தது

இந்த வாரம் ஒரு படகின் உடல்நல அறிக்கையை வாசித்தேன். 41 பக்கம். போன வருஷம் என் நெஞ்சுவலிக்கே இரண்டு பக்கத்துக்கு மேல் யாரும் எழுதித் தரவில்லை.

அனுப்பியவன் மெல்போர்னில் இருக்கும் என் அக்கா மகன். 1987இல் கட்டிய 30 அடிப் பாய்மரப் படகொன்றை விலை பேசியிருக்கிறான். "மாமா, படிச்சுட்டு வாங்கலாமா வேணாமான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க" என்கிறான். ஏனாத்தூரில் உட்கார்ந்திருப்பவனிடம் கேட்கிற கேள்வியா இது? எங்களுக்குக் கடல் என்றால் மாமல்லபுரத்துக்குப் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருவது. தண்ணீர் என்றால் ஏரி. அதிலும் படகு விட்டவர்களை நான் பார்த்ததில்லை, கோடையில் கிரிக்கெட் ஆடியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஆனாலும் அறிக்கையைக் கீழே வைக்க மனம் வரவில்லை. படகைத் தண்ணீரிலிருந்து தூக்கிக் கரையில் நிறுத்தி, ஒரு சர்வேயர் சின்னச் சுத்தியலால் அங்குலம் அங்குலமாகத் தட்டியிருக்கிறார். ஃபைபர் நன்றாக இருந்தால் கணீரென்று சத்தம் வருமாம். உள்ளே அடுக்கு விட்டுப் போயிருந்தால் சொத்தென்று கேட்குமாம். பானைக்காரரிடம் என் பாட்டி ஒவ்வொன்றாகச் சுண்டிப் பார்த்தது இதே பரீட்சைதான், அவளிடம் சுத்தியல் இல்லை, அவ்வளவே. மேல்பூச்சைத் தாண்டித் தண்ணீர் ஊறினால் படகின் அடியில் கொப்புளம் கிளம்புமாம். அதைக் குத்தினால் வினிகர் வாடை அடிக்குமாம். மேல்தளத்தில் மெத்து மெத்தென்று கால் அமுங்கினால் உள்ளே வைத்த மரம் மக்கிவிட்டது என்று அர்த்தம். பாய்மரத்தை இழுத்துக் கட்டிய கம்பிகள் பார்வைக்குப் பளபளவென்று இருந்தாலும் பத்துப் பதினைந்து வருஷத்தில் மாற்றியாக வேண்டும். படகுக்கு அடியில் கனத்துக்காகத் தொங்குகிற கீலைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் கண்ணுக்கே தெரியாது, துரு அங்கேதான் உட்கார்ந்திருக்கும்.

26ஆம் பக்கத்தில் ஒரு வரி வந்தது. அதற்குப் பிறகு எனக்குப் படகு மறந்துவிட்டது. "நான் போனபோது எஞ்சின் குளிர்ந்திருந்ததைத் தொட்டு உறுதிசெய்துகொண்டேன்."

என் டிராக்டர் ஞாபகம் வந்துவிட்டது. பழைய வாசகர்கள் மன்னிக்க வேண்டும், அந்தக் கதையை இத்தோடு மூன்றாவது முறை சொல்கிறேன். செகண்ட் ஹேண்ட் டிராக்டர் பார்க்க நாங்கள் போய் இறங்கியபோது அதன் எஞ்சின் சூடாக இருந்தது. "இப்பத்தான் ஓட்டிட்டு வந்தேங்க" என்றார் விற்றவர். சாவியைத் திருப்பியதும் பிடித்துக்கொண்டது. நான் பூரித்துப் போனேன். காலையில் சில்லென்று கிடக்கும்போது அது முக்கால் மணி நேரம் மூச்சு வாங்கும் என்பது வீட்டுக்கு வந்த மறுநாள் தெரிந்தது. அதைச் சோதித்து "கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம் சார்" என்று சொன்ன மெக்கானிக், விற்றவருடைய மைத்துனர். அது தெரிய இன்னும் ஒரு வாரம் ஆயிற்று. கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னது மட்டும் நேர்மையான யோசனை.

மெல்போர்னிலும் படகு புரோக்கர், "நம்ம ஆளு ஒருத்தர் இருக்கார், சீக்கிரம் முடிச்சுக் கொடுப்பார்" என்றுதான் ஆரம்பித்தாராம். மருமகனின் மனைவி ஒத்துக்கொள்ளவில்லை. வேறு ஊரிலிருந்து, இரண்டு தரப்பையும் தெரியாத ஒருவரைக் கூலி கொடுத்து வரவழைத்திருக்கிறாள். அந்தப் பெண்ணின் பூர்வீகம் யாழ்ப்பாணப் பக்கத்து வல்வெட்டித்துறை. படகு விஷயத்தில் அந்த ஊர்க்காரர்களை ஏமாற்றுவது கஷ்டம்.

அங்கே வேப்பமரத்தில் கட்டிய இரட்டைப் பாய்மரக் கப்பல் அன்னபூரணி அம்மாள். 89 அடி. வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கர் அதை விலைக்கு வாங்கினார். 1928 முதல் 1931 வரை, 'ஸ்வாப்' என்ற 32 அடிப் படகில் உலகைச் சுற்றி வந்த மனிதர் அவர், மரத்தையும் கயிற்றையும் பார்த்தால் தெரிந்துகொள்ளக் கூடியவர். வாங்கிய கையோடு அவர் செய்த ஒரே அநியாயம், அன்னபூரணி என்ற பேரை எடுத்துவிட்டு மனைவி பேரை வைத்தது. குழாயும் குளியலறைச் சாமானும் செய்து கொழித்த கிரேன் குடும்பத்துப் பெண் அந்த அம்மாள், புளோரன்ஸ். ஆனால் மாலுமிகளை அவர் மாற்றவில்லை. வல்வெட்டித்துறைத் தமிழர்களே அதை ஓட்டிக்கொண்டு சூயஸ் தாண்டி, அட்லாண்டிக் தாண்டி, 1938 ஆகஸ்டு 1ஆம் தேதி மாசச்சூசெட்ஸில் குளோஸ்டர் துறைமுகத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். எந்தப் பலகை எங்கே முனகும் என்று தெரிந்தவர்களையும் கப்பலோடு அழைத்துக்கொண்டது ராபின்சனின் கெட்டிக்காரத்தனம். எனக்கு டிராக்டரோடு மைத்துனர்தான் வந்தார், அதுவும் மீதிப் பணம் வாங்க.

மைத்துனர் என்று வந்துவிட்டதால், நான் எங்கே போய் நிற்பேன் என்று உங்களுக்குத் தெரியும். "மறுபடியும் கல்வெட்டா?" என்று ஆசிரியர் கேட்பார். ஆமாம், மறுபடியும் கல்வெட்டுதான். உத்திரமேரூருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு வேறு எங்கே போவது?

வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இருப்பதைக் குடவோலைத் தேர்தல் என்று பாடப்புத்தகம் இரண்டு வரியில் முடித்துவிடுகிறது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919இலும் 921இலும் வெட்டியவை அவை. ஓட்டு எப்படி எடுத்தார்கள் என்பதைவிட, யாரையெல்லாம் குடத்துக்குப் பக்கத்திலேயே விடவில்லை என்பதில்தான் எனக்கு ருசி. 35 வயதுக்குக் கீழே கூடாது, 70க்கு மேலே கூடாது. வரி கட்டுகிற நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும். கடந்த மூன்று வருஷத்துக்குள் ஊர்ச் சபையின் வாரியத்தில் இருந்தவர் திரும்ப வரக் கூடாது. நிலமும் வேதப் படிப்பும் உள்ள பிராமணர்களின் சபைக்கான விதிகள்தான் இவை, ஊரில் உழுதவன் பேர் அந்தக் குடத்துக்குள் விழ வழியில்லை. அதைச் சொல்லாமல் பெருமை பேசுகிறவர்களோடு எனக்குப் பழைய சண்டை உண்டு. அது இருக்கட்டும்.

நான் சொல்ல வந்தது, வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவனைப் பற்றிய விதி. அவன் பேரை எழுதக் கூடாது. அத்தோடு விட்டார்களா? அவனுடைய சித்தி, பெரியம்மா பிள்ளைகள், அத்தை பிள்ளைகள், மாமன், மாமனார், மைத்துனர், அக்கா தங்கை புருஷன், அக்கா தங்கை மகன், மகளைக் கட்டிய மருமகன், அப்பன், பிள்ளை என்று வரிசையாக அத்தனை பேரையும் நிறுத்தி வெளியே அனுப்பியிருக்கிறார்கள். கல்லில் வெட்டுகிறவனுக்குக் கை வலித்திருக்கும், 'உறவினர்' என்று ஒரே சொல்லில் முடித்திருக்கலாம். முடித்திருந்தால் மறுவருஷமே ஒருவர் வந்து, "மைத்துனர் எப்படிங்க உறவினர் ஆவார்?" என்று கேட்டிருப்பார். ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னால் இந்தப் பக்கத்து ஆட்களுக்கு இந்தப் பக்கத்து ஆட்களைத் தெரிந்திருக்கிறது.

இன்னொன்று. ஒன்றும் அறியாத ஒரு சிறுவனை விட்டுக் குடத்திலிருந்து ஓலையை எடுக்கச் சொல்கிறார்கள். அதை வாங்கும் மத்தியஸ்தர் ஐந்து விரலும் விரிய உள்ளங்கையில் ஏந்தி வாங்க வேண்டும் என்று கல்வெட்டு சொல்கிறது. விரலிடுக்கில் வேறு ஓலையைச் சொருகி வைத்திருந்தால்? அந்தச் சந்தேகத்துக்கும் கல்லில் இடம் கொடுத்திருக்கிறார்கள். மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு விரலைப் பிடித்து விலை பேசுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். வியாபாரம் என்றாலே கை துண்டுக்குள் இருக்கும் என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன்.

நேற்று ராத்திரி மருமகன் மறுபடி கூப்பிட்டான். "என்ன மாமா, படிச்சீங்களா? வாங்கலாமா?" என்றான். கீல் போல்ட் ஒன்றைக் கழற்றிப் பார்க்கச் சொல்லி சர்வேயர் எழுதியிருக்கிறாரே, அது முடியாமல் அட்வான்ஸ் கொடுக்காதே என்றேன். "எல்லாம் சரி, நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று விடாமல் கேட்டான். எனக்கு இதில் சொல்ல அருகதை இல்லையடா என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

அடக்கத்தில் சொன்னதாக நினைத்திருப்பான். அந்த டிராக்டருக்கு மொத்தம் எவ்வளவு ஆயிற்று என்ற கணக்கை நான் இன்றுவரை என் மனைவியிடம் காட்டவில்லை. கல்வெட்டுப்படி பார்த்தால் முதலில் நான் தள்ளுபடி, அக்கா மகன் என்ற வகையில் அடுத்தது அவன்.