சலுகை விலைக் காரும் சம்சாரியின் கணக்கும்

பெங்களூரிலிருந்து ஓசூர் நெடுஞ்சாலையில் எலெக்ட்ரானிக் சிட்டியைக் கடந்து தெற்கு நோக்கி வருகிற தமிழருக்கு ஹெப்பகோடியும் பொம்மசந்திராவும் சந்தாபுரமும் முழுக்க அந்நிய ஊர்களாகத் தோன்றுவதில்லை. கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் ஜில்லாக்களிலிருந்து தொழிற்சாலைகளுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் கம்ப்யூட்டர் கம்பெனிகளுக்கும் உத்தியோகம் தேடி வந்து, வாடகை வீட்டில் குடியேறி, குழந்தைகளைப் பள்ளியில் சேர்த்து, மெள்ள வேரூன்றிவிட்ட குடும்பங்கள் அங்கே அநேகம். சம்பளம் ஓரளவு நிலைபெற்றதும் இக்குடும்பங்களில் எழுகிற ஆசைகளுள் முதன்மையானது, நான்கு பேரும் மூட்டை முடிச்சுகளும் அடங்கக்கூடிய ஒரு சிறிய கார். அந்தச் சமயம் பார்த்து, “ஒன்பதே மாதம் ஓடிய வண்டி, சிங்கிள் ஓனர், ஷோரூம் கண்டிஷன், லட்சத்துக்கு மேல் தள்ளுபடி” என்று ஒரு செய்தி யார் மூலமாவது வந்து சேர்ந்துவிடுகிறது. வாங்கலாமா?

வாங்கலாம் என்பதே என் அபிப்பிராயம். ஆனால் அந்த வண்டியின் விலை ஏன் குறைந்தது என்பதற்குரிய காரணம் வண்டிக்கு வெளியே இருக்கவேண்டும். வண்டிக்கு உள்ளே இருக்குமானால், இன்னும் ஐம்பதினாயிரம் குறைத்துக் கொடுத்தாலும் அது நமக்கு வேண்டாம். இந்த ஒரு நிபந்தனையைப் பற்றிக்கொண்டால் மற்றவை யாவும் தாமே தெளிவாகும்.

முதலில், இவ்வூர்க் குடும்பத்துக்குக் கார் எதற்காக என்பதைப் பார்க்கவேண்டும். 2025 ஆகஸ்டில் மெட்ரோ ரயிலின் மஞ்சள் பாதை ஆர்.வி. ரோடிலிருந்து பொம்மசந்திரா வரையில் ஓடத் தொடங்கிற்று. ஹெப்பகோடிக்கும் ஒரு நிலையம் கிடைத்தது. சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலில் தினந்தோறும் கிளட்சை மிதித்துக் கால் ஓய்ந்தவர்கள் பலர் இனி வண்டியை வீட்டில் விட்டுவிட்டு ரயிலில் போகலாம். ஆகவே கார் என்பது ஞாயிற்றுக்கிழமைக் கோயிலுக்கும், கல்யாணம் காட்சிக்கும், தீபாவளி பொங்கலுக்கு ஊர்ப் பிரயாணத்துக்கும் உரிய சாதனமாகிவிடுகிறது. இவ்வாறு குறைவாக ஓடும் வண்டியில் பெட்ரோல் செலவு சிறியது. நின்ற இடத்திலேயே ஆண்டுதோறும் குறைந்துகொண்டு போகும் மதிப்புத்தான் பெரிய செலவு. அந்தத் தேய்மானம் மிகக் கடுமையாக விழுவது முதல் ஆண்டில். இன்சூரன்ஸ் கம்பெனிகள் வழக்கமாகப் பின்பற்றிவரும் அட்டவணைப்படி, ஆறு மாதம் நிறையாத வண்டிக்கு 5 விழுக்காடும், ஓராண்டுக்குள் 15 விழுக்காடும், இரண்டாண்டுக்குள் 20 விழுக்காடும் கழிக்கப்படுகின்றன. முதல் ஓராண்டின் 15 விழுக்காட்டை வேறொருவர் ஏற்றுக்கொண்ட பிறகு வண்டி நம் கைக்கு வருவது, குறைவாக ஓட்டுகிறவனுக்கு நியாயமான ஆதாயமேயாகும்.

அப்படியானால் எல்லோரும் ஏன் இவ்வாறே வாங்கவில்லை என்று கேட்கலாம். அதற்கு விடை சொன்னவர் ஜார்ஜ் அக்கர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர். ஓட்டிய வண்டியின் குணதோஷங்கள் விற்பவனுக்குத் தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. தெரியாதவன் எல்லா வண்டியையும் சந்தேகித்து விலையைக் குறைத்தே கேட்பான். அந்தக் குறைந்த விலைக்கு நல்ல வண்டியை விற்க மனமில்லாதவர்கள் சந்தையைவிட்டு விலக, மோசமான வண்டிகளே அங்கு மிஞ்சும் என்று அவர் 1970இல் எழுதிய கட்டுரை காட்டிற்று. 2001இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததற்கு இந்த ஆராய்ச்சியும் ஒரு காரணம். ஒன்பது மாத வண்டி விலை இறங்குவது பெரும்பாலும் இந்தச் சந்தேகத்தினாலேதான். எனவே சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளும் சாமர்த்தியமும் பொறுமையும் உள்ளவன், பிறருடைய சந்தேகத்திலிருந்து லாபம் பெறுகிறான்.

விலை இறங்கியதற்குக் காரணம் வண்டிக்கு வெளியே இருந்த சந்தர்ப்பங்களை நம் காலத்திலேயே கண்டிருக்கிறோம். பி.எஸ். 3 என்ற பழைய புகைமாசுத் தரத்து வாகனங்களை 2017 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து விற்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் மார்ச் 29ஆம் தேதி உத்தரவிட, எஞ்சிய இரண்டு நாளில் இருசக்கர வாகனங்களை ஆயிரக்கணக்கில் விலை குறைத்து விற்றுத் தள்ளினார்கள்; ஜனங்களும் கூட்டங்கூட்டமாகச் சென்று வாங்கினார்கள். அந்த வண்டிகளின் எஞ்சினில் ஒரு குறையும் இல்லை. நாட்காட்டியில் ஒரு தாள் கிழிந்ததே குறை. 2021 செப்டம்பரில் ஃபோர்டு கம்பெனி இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தபோது மறைமலைநகரில் தயாரான கார்களுக்கும், 2022இல் டாட்சன் பெயர் நிறுத்தப்பட்டபோது ஒரகடத்தில் தயாரான ரெடி-கோ கார்களுக்கும் இதே கதி நேர்ந்தது. கம்பெனி போய்விட்டதென்ற பயமே மதிப்பைக் கீழே இழுத்தது. உதிரிப்பாகமும் சர்வீஸும் கிடைக்கும் வரையில், கடைசிவரை தானே ஓட்டித் தீர்க்கப் போகிறவனுக்கு அது நல்ல பேரம். மூன்றாண்டில் மறுபடி விற்க நினைத்தவனுக்கு அது கண்ணி. ஒரே தள்ளுபடி, வாங்குபவனுடைய உத்தேசத்தைப் பொறுத்து லாபமாகவும் நஷ்டமாகவும் மாறுகிறது.

2025 செப்டம்பர் 22 முதல் நேர்ந்த மாறுதல் எல்லாவற்றிலும் பெரியது. நான்கு மீட்டருக்கு மேற்படாத நீளமும் 1200 சி.சி.க்கு மேற்படாத எஞ்சினும் உள்ள பெட்ரோல் கார்களுக்கு அதுவரை 28 விழுக்காடு ஜி.எஸ்.டி.யும் 1 விழுக்காடு செஸ்ஸும் இருந்தன; அன்றிலிருந்து மொத்தமும் 18 விழுக்காடாகிவிட்டது. இங்கேதான் விற்பவருடைய கணக்கும் வாங்குபவருடைய கணக்கும் வேறுபடுகின்றன. வரிக்கு முன் 4,00,000 ரூபாய் அடக்கமுள்ள ஒரு காரை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். பழைய வரியில் அதன் ஷோரூம் விலை 5,16,000. கர்நாடகத்தின் ஆயுள் வரி ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு 14 விழுக்காடும், அந்த வரியின்மேல் 11 விழுக்காடு செஸ்ஸுமாகச் சேர்ந்து ஏறக்குறைய 80,000. ஆக இன்சூரன்ஸ் நீங்கலாக 5,96,000. புதிய வரியில் அதே காரின் ஷோரூம் விலை 4,72,000, ஐந்து லட்சத்துக்குள் வந்துவிட்டதால் ஆயுள் வரி 13 விழுக்காடாக இறங்கி, செஸ்ஸும் சேர்த்து 68,000, ஆக 5,40,000.

வரி குறைவதற்கு முன் வாங்கியவர், “கிட்டத்தட்ட ஆறு லட்சம் போட்டு எடுத்த வண்டி சார், நாலே முக்காலுக்குத் தருகிறேன், 1,21,000 ரூபாய் தள்ளுபடி” என்று சொல்வாரானால் அவர் பொய் சொல்லவில்லை. ஆயினும் அதில் 56,000 ரூபாயை அரசாங்கம் ஏற்கெனவே எல்லோருக்கும் குறைத்துவிட்டது. அவர் நமக்காகக் குறைத்தது 65,000 மட்டுமே. இன்னொரு முனையிலிருந்தும் பார்க்கலாம். இன்றைய ஷோரூம் விலையான 4,72,000இல், ஓராண்டுக்குள்ளான வண்டிக்குரிய 15 விழுக்காட்டைக் கழித்தால் 4,01,000. ஆயுள் வரி பதினைந்து ஆண்டுக்கானது. ஓராண்டு கழிந்ததென்று வைத்தால் மிச்சம் ஏறக்குறைய 63,500. இரண்டையும் கூட்டினால் 4,65,000 என்பதே அந்த வண்டிக்கு நாம் கொடுக்கக்கூடிய உச்ச விலை. நாலே முக்கால் என்பது, அத்தனை பெரிய தள்ளுபடிக்குப் பிறகும், பத்தாயிரம் அதிகம்! எந்த வண்டியைப் பேரம் பேசினாலும் விற்பவர் கொடுத்த விலையை மறந்துவிட்டு, இன்றைய ஆன்-ரோடு விலையிலிருந்தே கணக்கைத் தொடங்கவேண்டும் என்பது இதனால் விளங்கும்.

இனி, உள்ளே இருக்கும் காரணங்கள். பெங்களூரில் 2022 செப்டம்பரில் சர்ஜாபூர் ரோடு, வெளிவட்டச் சாலைப் பகுதிகளில் வெள்ளம் புகுந்ததும், சென்னையில் 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் கார்கள் நீரில் மூழ்கியதும் மறக்கக்கூடியவை அல்ல. அவ்வாறு மூழ்கிய வண்டிகளை இன்சூரன்ஸ் கம்பெனிகள் ‘டோட்டல் லாஸ்’ என்று தள்ள, ஏலத்தில் எடுத்துக் கழுவித் துடைத்து, ஊர் மாற்றி விற்பவர்கள் இருக்கிறார்கள். புதுக்கார் வாசனையெல்லாம் தெளித்து வைத்தாலும் சில இடங்களை மறைக்க முடியாது. முன்சீட்டின் பெல்ட்டைக் கடைசி அங்குலம் வரை வெளியே இழுத்துப் பார்த்தால், உள்ளே சுருண்டிருந்த பகுதியில் செம்மண் கோடு நிற்கும். சீட்டுக்கடியில் கையை விட்டால் தண்டவாளத்தின் போல்ட்டுகளில் துரு தட்டுப்படும். டிக்கியில் ஸ்டெப்னிச் சக்கரத்தைத் தூக்கினால் அதன் பள்ளத்தில் வண்டல் காய்ந்திருக்கும். விபத்தில் அடிபட்ட வண்டியானால், கண்ணாடிகளில் பொறித்த தயாரிப்புக் குறிகளில் ஒன்று மட்டும் மற்றவற்றோடு பொருந்தாமலிருக்கும். பானெட் போல்ட்டுகளின் தலையில் ஸ்பேனர் பட்டுப் பெயின்ட் பெயர்ந்திருக்கும். இவற்றில் எதையும் பார்க்கப் பெரிய சாஸ்திர ஞானம் வேண்டாம். பகல் வெளிச்சமும் அரைமணி அவகாசமும் போதும். பார்க்க விடாமல் அவசரப்படுத்துகிறவரிடம் அப்பொழுதே கைகூப்பிவிட்டு வந்துவிடலாம்.

பலரும் கவனிக்காத உட்காரணம் மற்றொன்று உண்டு. ஆல்ட்டோ கே10, செலேரியோ, வேகன் ஆர் போன்ற சிறிய கார்களுக்கு 2025ஆம் ஆண்டின் முற்பாதியில்தான் ஆறு ஏர்பேக்குகள் எல்லா வகையிலும் பொதுவாயின. அதற்குச் சில மாதங்களுக்கு முன் வந்த, அதே பெயரும் அதே நிறமும் உள்ள வண்டியில் இரண்டே இரண்டு இருக்கக்கூடும். தொப்பூர்க் கணவாய் இறக்கத்தில் பின்சீட்டில் குழந்தைகளை உட்கார்த்தி ஓட்டிச் செல்கிற தகப்பனுக்கு இந்த வேறுபாடு எத்தனை ஆயிரம் ரூபாய் பெறும் என்பதை அவரவர் மனமே சொல்லவேண்டும். 2014இல் டாட்சன் கோ கார் குளோபல் என்கேப் மோதல் பரிசோதனையில் ஒரு நட்சத்திரமும் பெறாமற்போனது, மலிவு எந்த இடத்திலிருந்து எடுக்கப்படுகிறது என்பதற்கு ஓர் எச்சரிக்கை. தள்ளுபடி வண்டியைப் பார்க்கும்போது, இன்று ஷோரூமில் நிற்கும் அதே மாடலில் என்னென்ன கூடியிருக்கிறது என்றும் விசாரிக்கவேண்டும்.

ஹெப்பகோடிவாசிகளுக்கு உரிய தனிச் சிக்கல் அத்திப்பள்ளி எல்லை. ஓசூரில் டி.என். 70 வண்டி சற்று மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கிவந்து இங்கே நிறுத்திக்கொள்வோர் உண்டு. மோட்டார் வாகனச் சட்டப்படி பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்திருக்கும் வண்டிக்கு அந்த மாநிலத்துப் பதிவெண் பெறவேண்டும். என்.ஓ.சி. வாங்கி, கர்நாடகத்தின் ஆயுள் வரியைப் புதிதாகக் கட்டி, தமிழ்நாட்டில் கட்டிய வரியின் மிச்சத்தைத் திரும்பப் பெற மனுப்போட்டு அலைவதற்குள் மலிவெல்லாம் கரைந்துவிடும். இங்கே குடியிருப்பவர்கள் கே.ஏ. பதிவுள்ள வண்டியையும், சில மாதத்தில் ஊருக்கே திரும்பப் போகிறவர்கள் டி.என். பதிவுள்ள வண்டியையும் நாடுவதே விவேகம். முதல் சொந்தக்காரர் கட்டிய ஆயுள் வரி அதே மாநிலத்துக்குள் இரண்டாமவருக்கும் செல்லும் என்பதுதான் இந்தப் பேரத்தின் உயிர்நிலை. எல்லை கடந்தால் அந்த உயிர் போய்விடுகிறது.

காகிதங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். ஆர்.சி.யில் தயாரித்த மாதத்தைப் பார்க்கவேண்டும். டிசம்பரில் தயாராகி மறு ஆண்டு பதிவான வண்டி, விற்கும்போது ஒரு வயது கூடியதாகவே எண்ணப்படும். பாங்கிக் கடன் தீர்ந்து, ஆர்.சி.யில் அதன் குறிப்பு நீங்கியிருக்கவேண்டும். போக்குவரத்து அபராதம் பாக்கி இருக்கக்கூடாது. இன்சூரன்ஸைப் பதினான்கு நாளைக்குள் நம் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்கவேண்டும். விற்பவர் சேர்த்துவைத்த நோ-கிளெய்ம் போனஸ் அவருடனேயே போகும், வண்டியோடு வராது. பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து நஷ்டஈட்டுக்குப் பொறுப்பாளி என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்திருப்பதால், பெயர் மாற்றத்துக்கு அவசரப்பட வேண்டியவர் விற்பவரே. அவர் “பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்றால், அந்த அலட்சியத்துக்கும் ஒரு காரணம் இருக்கும்.

புது வண்டியே எடுங்கள் என்று சொல்வோர் பக்கத்திலும் நியாயம் உண்டு. பன்னிரண்டு, பதினைந்து ஆண்டு ஒரே வண்டியை வைத்திருக்கப் போகிற குடும்பத்துக்கு முதலாண்டின் நஷ்டம் அத்தனை ஆண்டுகளிலும் பங்கிடப்பட்டு அற்பமாகிவிடுகிறது. கம்பெனி வாரண்டி முழுமையாகக் கிடைக்கிறது. புதுக்காருக்கான கடன் வட்டியும் பழைய காருக்கானதைவிடப் பொதுவாகக் குறைவு. கடனில் வாங்குகிறவர்கள் இந்த வட்டி வித்தியாசத்தையும் எழுதிக் கூட்டிப் பார்த்தால், 65,000 ரூபாய்த் தள்ளுபடியில் பாதி அதற்கே போய்விடுவதும் உண்டு. ஆகவே, கையில் ரொக்கம் உள்ளவர், ஆறேழு ஆண்டில் வண்டியை மாற்ற நினைப்பவர், மாதத்தில் நாலைந்து நாள் மட்டுமே ஓட்டுபவர் — இவர்கள் தாராளமாக ஓராண்டு ஓடிய வண்டியைத் தேடலாம். விற்பவர் வெளிநாட்டு வேலைக்குப் போகிறாரா, பெரிய வண்டி எடுக்கிறாரா, கடன் தவணை கட்ட முடியாமல் விற்கிறாரா என்று வெட்கப்படாமல் கேட்டு, சொன்ன பதிலைச் சர்வீஸ் புத்தகத்தோடும் ஆர்.சி.யோடும் ஒத்துப் பார்க்கவேண்டும். இரண்டும் ஒத்திருந்து, விலையும் நம் கணக்குக்குள் அடங்கினால் அட்வான்ஸைக் கொடுக்கலாம். கடனில் வாங்கி நெடுங்காலம் வைத்திருக்கப் போகிறவர்களோ, வரி குறைந்த இந்தக் காலத்தில் ஷோரூமுக்கே போவது நல்லது.