மூத்த பூனைக்கே முதல் மரியாதை!



உங்கள் வகுப்பில் புது மாணவன் ஒருவன் சேர்கிறான். வந்ததும் வராததுமாக உங்கள் இடத்தில் உட்கார்ந்து, உங்கள் டிபன் பாக்ஸையும் திறக்கிறான். கோபம் வருமா, வராதா? வீட்டில் முன்பே இருக்கும் பூனைக்கும் அப்படித்தான் கோபம் வரும்.

இது எனக்கே தாமதமாகத்தான் புரிந்தது. எங்கள் வீட்டில் ஒன்பது வயதுப் பூனை, மணி இருந்தது. ஒருநாள் மழையில் நனைந்து கிடந்த குட்டியைத் தூக்கி வந்து, "இதோ உன் தம்பி!" என்று மணியின் எதிரே விட்டேன். மணி சீறியது, ஓங்கி ஓர் அறையும் விட்டது. நான் மணியைத் திட்டினேன். அது பரண்மேல் ஏறிப் படுத்து, இரண்டு நாள் சோற்றைத் தொடவில்லை. தப்பு என்னுடையது; தண்டனை மணிக்கு!

பூனையின் கன்னத்தில் வாசனைச் சுரப்பிகள் உண்டு. கதவிலும் நாற்காலியிலும் கன்னத்தை உரசி, தன் வாசனையை அது பதித்து வைக்கும். அங்கே வேறு பூனையின் வாசனை வந்தால் பயந்துவிடும். சீறுவது, 'கிட்டே வராதே' என்ற எச்சரிக்கை. அதற்காக அடிக்கக் கூடாது.

பிறகு என்ன செய்தேன்? குட்டியைக் கால்நடை மருத்துவரிடம் காட்டிவிட்டு, தனி அறையில் வைத்தேன். தட்டு, தண்ணீர், மணல் தொட்டி எல்லாம் அதற்குத் தனி. குட்டியைத் துடைத்த துணியை மணி படுக்கும் இடத்தருகே போட்டேன். மணியின் துணியைக் குட்டியிடம் போட்டேன். மூடிய கதவுக்கு இந்தப் பக்கம் மணிக்கும், அந்தப் பக்கம் குட்டிக்கும் ஒரே நேரத்தில் சாப்பாடு. சீறல் நின்ற பிறகுதான் கதவைக் கொஞ்சம் திறந்தேன். முதல் நாள் ஐந்து நிமிடம். பிறகு மெல்ல மெல்லக் கூட்டினேன்.

"நாலு நாள் சண்டை போட்டால் தானே சரியாகிவிடும்" என்பார்கள் சிலர். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். முதல் சண்டையில் விழுந்த பயம் லேசில் போகாது. வாரக்கணக்கில் பொறுத்திருக்க முடியாதவர்கள் இரண்டாவது பூனையை எடுத்து வரவே வேண்டாம்.

ஒன்றை மறக்காதீர்கள்: பூனைகள் சண்டையிடும்போது நடுவில் கையை விடாதீர்கள். கடித்தாலோ பிறாண்டினாலோ ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். உடனே பெரியவர்களிடம் சொல்லி மருத்துவமனைக்குப் போங்கள். வெறிநோய் பூனை மூலமும் வரும்.

மணியும் குட்டியும் உயிர் நண்பர்கள் ஆகிவிடவில்லை. திண்ணையின் இந்த மூலையில் ஒன்று, அந்த மூலையில் ஒன்று தூங்கும். அதுவே எனக்குப் போதும்.

புதியவருக்கு இடம் கொடுப்பது நல்ல குணம். பழையவரின் இடத்தைப் பறிக்காமல் கொடுப்பது அதைவிட நல்ல குணம். சரிதானே குழந்தைகளே?