கட்டில் ராஜ்யம்

பழந்தமிழில் சிம்மாசனத்துக்கு 'அரசுகட்டில்' என்று ஒரு பெயர் உண்டு. ராஜா கொலுவிருப்பதும் கட்டில், படுப்பதும் கட்டில். பெயர் வைத்த ஆசாமி அரண்மனையில் கொஞ்ச நாள் வேலை பார்த்திருக்க வேண்டும். ஸ்வீடனில் ஸ்டாக்ஹோம் நகரத்தில் இருக்கும் 'பாரடாக்ஸ்' கம்பெனிக்காரர்களுக்குத் தமிழ் தெரிய நியாயமில்லை. இருந்தாலும் இந்த இரண்டு கட்டில்களையும் சேர்த்துப் போட்டு ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு செய்து உலகம் பூராவும் விற்றுவிட்டார்கள்.

பெயர் 'க்ரூஸேடர் கிங்ஸ்'. முதல் பாகம் 2004-ல், இரண்டாவது 2012-ல், மூன்றாவது 2020 செப்டம்பரில். பெயரைக் கேட்டுச் சிலுவைப் போர், குதிரை, கவசம் என்று நினைத்துவிடாதீர்கள். அதெல்லாம் ஊறுகாய். இலையில் சாதம் என்பது கல்யாணம், கள்ளக்காதல், வாரிசு, விஷம். நீங்கள் ஒரு மத்தியகால ராஜா. கி.பி. 867-லோ 1066-லோ ஆரம்பித்து 1453 வரை உங்கள் வம்சத்தை இழுத்துக்கொண்டு போக வேண்டும். நீங்கள் செத்துப்போனால் பரவாயில்லை. உங்கள் பிள்ளையாக எழுந்து உட்கார்ந்து ஆட்டத்தைத் தொடரலாம். பிள்ளை இல்லாமல், வம்சத்தில் வேறு வாரிசும் இல்லாமல் செத்தால்தான் அவுட்.

பெரியவர்கள் சமாசாரம் என்றதும் நிமிர்ந்து உட்காருகிறவர்களுக்கு ஓர் ஏமாற்றம். மந்திரி பெண்டாட்டியை மயக்குவது இதில் ஒரு 'திட்டம்'. வெற்றி வாய்ப்பு இத்தனை சதவீதம், இன்னும் இத்தனை மாதம் ஆகும் என்று பாலம் கட்டுகிற கான்ட்ராக்ட் மாதிரி கணக்கு ஓடும். முடிந்ததும் நாலு வரி வாசகம். அவ்வளவுதான் சிருங்காரம். சாண்டில்யன் இதே இடத்தில் இரண்டு வாரம் ஓட்டியிருப்பார். கட்டிய மனைவியைக் காதலிக்கவும் தனியாக ஒரு திட்டம் உண்டு. அதற்கும் சதவீதம், அதற்கும் மாதக்கணக்கு. கல்யாணமான வாசகர்கள் இதை மிகை என்று சொல்ல மாட்டார்கள்.

இதை ஆடுகிற இரண்டு பேர் ஆபீஸ் கேண்டீனில் பேசினால் பக்கத்து மேஜைக்காரர் டிபனைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுவார்.

"என்னடா, கண்ணெல்லாம் சிவந்திருக்கு?"

"ராத்திரி ரெண்டு மணி ஆயிடுச்சு மச்சி. நாலாவதா ஒரு பையன் பொறந்துட்டான்."

"அடப்பாவமே! என்ன பண்ணப் போறே?"

"ஒருத்தனை மடத்துல சேர்த்தாச்சு. ரெண்டாவது பையனுக்கு ஆள் செட் பண்ணியிருக்கேன். அம்பது பர்சென்ட்தான் சான்ஸ் காட்டுது."

"அவன் பொண்டாட்டிய உள்ள இழுத்துப் போடு. ஏறும்."

விஷயம் இதுதான். ஆட்டத்தின் ஆரம்ப காலத்துச் சட்டப்படி ராஜா செத்தால் ராஜ்யம் பிள்ளைகளுக்குள் பாகப்பிரிவினை ஆகிவிடும். முப்பது வருஷம் சண்டை போட்டுச் சேர்த்ததை மூன்று பிள்ளைகள் மூன்று துண்டாக்குவார்கள். அப்புறம் அண்ணன் தம்பி மேலேயே படையெடுக்க வேண்டும். முதல் பிள்ளை பிறந்ததும் வாயெல்லாம் பல்லாக இருந்த மனுஷன், மூன்றாவது பிரசவச் செய்தி வந்ததும் திடுக்கிடுகிறான். வீட்டில் எறும்பை மிதிக்காமல் ஒதுங்கிப் போகிற பிள்ளையாண்டான், சொந்த மகனைத் தீர்த்துக்கட்ட மகனின் சமையல்காரனுக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருப்பான். அவனை யாரும் கெடுக்கவில்லை. சட்டத்தில் ஒரே ஒரு வரி, 'சொத்து சமமாகப் பிரியும்' என்று. மற்றதை அவனே செய்கிறான்.

இன்னொரு அருமையான ஏற்பாடு 'கொக்கி'. உங்கள் ஒற்றர் தலைவர் அரண்மனையில் அங்கங்கே மோப்பம் பிடித்து ரகசியங்களைக் கொண்டுவருவார். பிரபு இன்னாருக்கு இன்னாரோடு தொடர்பு, அந்தக் குழந்தைக்கு அப்பா வேறு, இப்படி. தெரிந்ததும் ஊரெல்லாம் சொல்லிவிடக் கூடாது. சம்பந்தப்பட்டவரைத் தனியாகக் கூப்பிட்டுத் தெரியும் என்று மட்டும் சொல்ல வேண்டும். கொக்கி விழுந்துவிடும். அப்புறம் அவர் உங்கள் சதியில் சேருவார், நீங்கள் கேட்கிற வரியைக் கொடுப்பார், மாட்டேன் என்ற சம்பந்தத்துக்குத் தலையாட்டுவார். ஒரு தடவை உபயோகித்தால் அறுந்துவிடுகிற கொக்கி, திரும்பத் திரும்ப உபயோகிக்கிற கொக்கி என்று இரண்டு ரகம். பத்து வருஷம் ஆபீஸில் குப்பை கொட்டியவர்களுக்கு இதைப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. மானேஜர் ரூமுக்குள் தட்டாமல் போகிற அட்டெண்டர் யார் என்று யோசித்துப் பாருங்கள்.

இதெல்லாம் வெறும் அயோக்கியத்தனமாகப் போய்விடாமல் ஒன்று தடுக்கிறது. மன அழுத்தத்துக்கு ஒரு மீட்டர் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் பிறவிக்குணம், வளர்ந்த குணம் உண்டு. இரக்க சுபாவம் உள்ள ராஜாவைக் கொண்டு கொலை செய்யச் சொன்னால் செய்வார். ஆனால் மீட்டர் ஏறும். கூச்ச சுபாவக்காரர் விருந்துக்குப் போனாலே ஏறும். நூறைத் தொட்டால் ஒரு உடைசல், இருநூறில் இன்னொன்று, முந்நூறில் பெரிதாக. ராஜா குடிக்க ஆரம்பிப்பார், அகாலத்தில் தின்று தீர்ப்பார், சாட்டையால் தன்னையே அடித்துக்கொள்வார். டைரி எழுதி சமாளிக்கிறவர்களும் உண்டு. ஆடுகிறவன் எவ்வளவு கல்நெஞ்சனாக இருந்தாலும் ராஜாவை அவர் சுபாவத்துக்கு விரோதமாக ரொம்ப தூரம் ஓட்ட முடியாது. இந்த மீட்டரைக் கண்டுபிடித்தவருக்கு நான் ஒரு சால்வை போர்த்துவேன்.

ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் கற்பனை ராஜ்யத்தை இதன் மேல் ஏற்றி, டிராகன்களோடு ஆடுகிற ரசிகர் பதிப்பும் இருக்கிறது. நமக்கு டிராகன் அவசியமில்லை. இந்த விளையாட்டின் வரைபடத்தில் 2014 முதலே இந்தியா உண்டு. ஆட்டம் தொடங்குகிற 1066-ல் நிஜமாகவே சோழ சிம்மாசனத்தில் இருந்தவர் வீரராஜேந்திரன். அடுத்த நாலு வருஷத்தில் நடந்ததைப் பாருங்கள்.

கதை கொஞ்சம் முன்னால் ஆரம்பிக்கிறது. ராஜராஜன் தன் மகள் குந்தவையை வேங்கி நாட்டு விமலாதித்தனுக்குக் கொடுத்தார். (வந்தியத்தேவன் குந்தவை இல்லை, அவர் இவளுடைய அத்தை.) வேங்கி என்பது கிருஷ்ணா, கோதாவரிப் பக்கம், கீழைச் சாளுக்கியர் சீமை. அவள் பிள்ளை ராஜராஜ நரேந்திரனுக்கு, ராஜேந்திர சோழனின் பெண் அம்மங்கையைக் கொடுத்தார்கள். அத்தை பையன், முறைதான். அவர்களுக்குப் பிறந்த பையனுக்கு, இரண்டாம் ராஜேந்திரனின் பெண் மதுராந்தகி. மாமன் மகள், இதுவும் முறைதான். மூன்று தலைமுறையாக வேங்கியைக் கைக்குள் வைத்திருக்கப் பெண் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். போதாதென்று வீரராஜேந்திரன் தன் பெண் ஒருத்தியை மேலைச் சாளுக்கிய இளவரசன் விக்கிரமாதித்தனுக்கும் கட்டிவைத்தார்.

1070-ல் வீரராஜேந்திரன் காலமானார். மகன் அதிராஜேந்திரனுக்கு எதிராகக் கலகம். மாப்பிள்ளை விக்கிரமாதித்தன் படையோடு வந்து மைத்துனனைக் கங்கைகொண்ட சோழபுரத்தில் உட்கார்த்திவிட்டு ஊர் திரும்பினான். அவன் திரும்பிய கொஞ்ச நாளில் மைத்துனன் மறுபடி மூண்ட கலகத்தில் செத்தான். வேங்கிப் பிள்ளை வந்து அரசுகட்டிலில் ஏறிவிட்டான். இப்படிச் சொல்கிறவர் கவி பில்ஹணர். விக்கிரமாதித்தனிடம் சம்பளம் வாங்கியவர் என்பதால் கொஞ்சம் கழித்துக்கொண்டு படிக்கவும். ஏறிய பிள்ளைதான் முதலாம் குலோத்துங்கன், மதுராந்தகியின் புருஷன். 'கடல்புறா'வில் அநபாயன் என்று வருகிறவர்.

விளையாட்டின் சட்டப்படி பிள்ளைகள் அப்பன் வம்சத்தில்தான் சேரும். தாய்வழிக் கல்யாணம் என்று முன்கூட்டியே பேசி முடித்திருந்தால் தவிர. ஆக, வீரராஜேந்திரனாக உட்கார்ந்து ஆடிய ஆளுக்கு 1070-ல் ராஜ்யம் கைமாறிவிட்டது, அதுவும் சாளுக்கியன் கையில். நிஜத்தில் குலோத்துங்கன் 'நானும் சோழன்தான்' என்று பெயரை மாற்றிக்கொண்டு கிட்டத்தட்ட ஐம்பது வருஷம் ஆண்டுவிட்டுப் போனார். ஸ்டாக்ஹோம்காரர்களின் சட்டத்துக்கு நம்மவர்கள் அப்போதே தண்ணி காட்டியிருக்கிறார்கள்.

இத்தனைக்கும் நடுவில் அந்த நாலு பெண்கள். குந்தவை, அம்மங்கை, மதுராந்தகி, கல்யாணிக்குப் போன வீரராஜேந்திரன் மகள். உடன்பிறந்தவன் செத்ததையும், அதனால் யார் ஆதாயம் அடைந்தார்கள் என்பதையும் கேட்டு அந்தக் கடைசிப் பெண் என்ன நினைத்தாள்? மெய்க்கீர்த்தியில் புலி, மீன், வில், வென்ற ஊர்கள் எல்லாம் வருகின்றன. இது வரவில்லை. விளையாட்டில் மட்டும் கட்டிக்கொடுத்த பெண்ணின் படத்தைத் தொட்டால், அப்பாவைப் பற்றி அவளுடைய அபிப்பிராயம் ஒரு எண்ணாக வருகிறது. அம்பை அதன் மேல் வைத்தால் காரணங்கள் வரிசையாக இறங்குகின்றன. பல சமயம் எண் சிவப்பில் இருக்கும். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அடுத்த பெண்ணுக்கு வரன் தேடப் போய்விடுகிறோம். வடக்கு எல்லையில் வேறு சண்டை ஆரம்பித்திருக்கிறது.